ஜெய்க்குச் சுரந்த பால்

கண்மணி பேருந்து ஓட்டுகிறவள். சிங்கப்பூரில் புக்கிட் மேராவில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டித் தோற்று, கொஞ்ச காலம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, பிறகு பெரிய வண்டிக்கு உரிமம் எடுத்தவள். "பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி?" என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டதற்கு, "சின்ன வண்டின்னா நீங்க எல்லாரும் ஏற இடம் பத்தாதே" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தாள். சாலையில் அவளுக்குக் கோபமே வராது. மணியை நேரங்கெட்ட நேரத்தில் அழுத்திவிட்டு, நிறுத்தவில்லை என்று கத்துகிறவர்களிடம்கூட நிதானமாகத்தான் பேசுவாள். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்கு வந்ததும் கணவர் செல்வராஜ் மேல் இறக்குவாள். ஏர்கான் சர்வீஸ் வேலை பார்க்கும் அந்த மனிதர் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் கேட்டுக்கொள்வார். அப்படித்தான் அந்தக் குடும்பம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவர்களுக்குப் பிறந்தவன் ஜெய். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், கட்டிலில் கண்மணியின் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தபோதே அவன் உதடு நீலமாக மாறியது. ஆம்புலன்ஸ் வந்தது, டாக்டர்கள் ஓடினார்கள், எல்லாம் நடந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. இதயத்தில் ஒரு குழாய் சரியாக அமையவில்லை, சில பிள்ளைகளுக்கு இது முன்கூட்டித் தெரியாது, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். கண்மணி தலையாட்டினாள். ஆனால் அவள் மனசு வேறு ஒரு தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. என் பால்தான் அவனை மூச்சுத் திணற வைத்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, செல்வராஜிடம்கூட.

பிள்ளை போனது உடம்புக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை. பிள்ளையை எடுத்துக்கொண்டுபோன பிறகுதான் பால் வெள்ளமாய் வந்தது. மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது.

செல்வராஜின் அக்கா பாப்பம்மாள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். ஐம்பது வயது, கட்டையான உடம்பு, கட்டையான பேச்சு. வந்தவள் முதலில் தொட்டில், பாட்டில், பால் பிழியும் பம்ப் எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமில் அடைத்துப் பூட்டினாள். பிறகு பால் வற்ற மல்லிகை கட்டினாள். மார்பில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி, அதன்மேல் துணியால் இறுக்கிக் கட்டி, பூ வாடியதும் மாற்ற வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் தேக்கா சந்தைக்குப் போய் முழம் முழமாகப் பூ வாங்கி வந்தாள். பூக்காரர் சிரித்துக்கொண்டே, "வீட்டுல விசேஷமாக்கா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, ரயில் நிலையம் வரை அழுதுகொண்டே வந்தாளாம். இதைச் செல்வராஜ்தான் பின்னாளில் கண்மணியிடம் சொன்னார்.

பூ வேலை செய்தது. ஒரு வாரத்தில் மார்பு தளர்ந்தது, காய்ச்சல் விட்டது. பத்தியச் சாப்பாடும் பாப்பம்மாள் கையால்தான்: பால் ஊற வைக்கும் பூண்டைத் தவிர்த்த மிளகு ரசம், சுட்ட கருவாடு. தயிர் குளிர்ச்சி, பால் சளி, நெய் மந்தம் என்று மூன்றையும் அடுப்படிப் பக்கமே விடவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டில் அந்த அழுகை ஆரம்பித்தது.

எதிர்வீடு காதர் மைதீனுடையது. சிராங்கூன் ரோட்டில் நாணயம் மாற்றும் கடையில் வேலை. அவர் மனைவி ரஹீமாவுக்கு ஜெய் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்னால் பெண் குழந்தை பிறந்திருந்தது. தமன்னா என்று பெயர். தாய்ப்பால் குடித்து நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை. திடீரென்று ரஹீமாவுக்கு இரத்தத்தில் கிருமி கலந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பிள்ளைக்கு டப்பா பால் கொடுத்தார்கள். ஒத்துக்கொள்ளாமல் மலத்தில் ரத்தம் போனது.

தாழ்வாரத்தில் அந்தப் பிள்ளை கதறும்போதெல்லாம் கண்மணியின் மார்பு நனைந்தது. வற்றிப்போய்விட்டது என்று நினைத்த பால் மல்லிகையைத் தாண்டித் துணியில் ஊறியது. முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் தலையணையை மேலே போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த நாள் மத்தியானம், கட்டைப் பிரித்து, பூவைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் வீசிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.

காதர் தாழ்வாரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். தாடி ஒழுங்கில்லை. சட்டையின் தோளில் கக்கிய கறை.

"என்னண்ணே, ஏன் இப்படி அழுவுது?"

"பசிம்மா. வேற ஒண்ணும் இல்ல. மாட்டுப்பால் சேரலன்னு டாக்டர் ஸ்பெஷல் டப்பா எழுதிக் குடுத்தாரு. கசக்குது போல, வாயிலயே வைக்க மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை வெயிட் பாப்பாங்க. கூடலன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போடணும்னு சொல்லிட்டாங்க."

"தாய்ப்பால் பேங்க்னு ஒண்ணு இருக்காமே?"

"அது குறைமாசப் பிள்ளைங்களுக்கும் ஆஸ்பத்திரியில இருக்கிற பிள்ளைங்களுக்கும்தான் லா. கேட்டுப் பாத்துட்டேன்."

அவர் கண்கள் கண்மணியின் ரவிக்கையில் படர்ந்திருந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, உடனே தரைக்குத் தாழ்ந்தன. அவர் வாயால் கேட்கவே மாட்டார் என்று கண்மணிக்குத் தெரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்று பால் கேட்க எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

"என்கிட்ட இருக்குண்ணே" என்றாள். "பம்ப் பண்ணி பாட்டில்ல தரேன்."

காதர் சுவரில் சாய்ந்துகொண்டார்.  "நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும்மா" என்றார். "எங்க வழக்கத்துல, ஒரு பிள்ளை அஞ்சு தடவ உங்க பால் குடிச்சா, நீங்க அதுக்குத் தாய். சும்மா பேச்சுக்கு இல்ல. நிஜத் தாய் மாதிரிதான், கடைசி வரைக்கும். உங்களுக்குச் சம்மதமா?"

"முதல்ல பிள்ளைக்குச் சம்மதமான்னு பாப்போம்" என்றாள் கண்மணி.

வீட்டுக்குள் வந்து ஸ்டோர் ரூம் சாவி கேட்டபோது பாப்பம்மாள் வெடித்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நம்ம வீட்டுல இப்பதான் ஒண்ணு போயிருக்கு. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, உன் பால்தான் காரணம்னு சொல்லுவாங்க. அதைத் தாங்குவியா நீ?"

 கண்மணி தினமும் தனக்குள் சொல்லிக்கொண்டதை அண்ணி கூடத்தில் நின்று உரக்கச் சொல்லிவிட்டாள்.  சோபாவில் உட்கார்ந்திருந்த செல்வராஜ் எழுந்தார். அக்காவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி எடுத்து, ஸ்டோர் ரூமைத் திறந்து, பம்பை எடுத்து வந்து சோப்புப் போட்டுக் கழுவினார். அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து அக்காவை எதிர்த்து எடுத்து வைத்த முதல் அடி அதுதான்.

பாலிகிளினிக்கில் நர்ஸ் கண்மணியைக் கண்டிப்பாகவே நடத்தினாள். அடுத்தவர் பாலை அப்படியே வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, பாலில் நோயும் போகும், மருந்தும் போகும் என்று சொல்லி, டாக்டரிடம் அனுப்பி இரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கினாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். மாட்டுப்பால் சேராத பிள்ளைக்குக் கொடுக்கும் தாயும் பால், தயிர், நெய், பிஸ்கட் எதையும் தொடக் கூடாது என்றாள். கண்மணி பத்தியச் சாப்பாட்டைச் சொன்னதும் நர்ஸின் முகம் மாறியது. "குட். அதையே சாப்பிடுங்க" என்றாள். பாலை வற்றவைக்கப் போட்ட பத்தியம் இப்போது பிள்ளைக்கு ஏற்றதாகிவிட்டது. இது பாப்பம்மாளின் காதுக்கும் போனது. மறுநாள் ரசத்தில் பூண்டு கைநிறைய விழுந்திருந்தது.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது வியாழக்கிழமை. அதுவரை பம்ப் பண்ணியதெல்லாம் கழுவுதொட்டியில்தான் போனது. முதலில் பாட்டிலின் அடிப்பகுதி மட்டும் நனைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வியாழன் மத்தியானம் கால் பாட்டில் பாலோடு செல்வராஜ் எதிர்வீட்டுக்குப் போனார். கண்மணி தன் வீட்டுக் கதவருகே நின்று காத்திருந்தாள். அழுகை நின்றால் பிள்ளை குடிக்கிறது என்று அர்த்தம்.

அழுகை நிற்கவில்லை.

செல்வராஜ் பாட்டிலோடு திரும்பி வந்தார். பின்னாலேயே காதர், பிள்ளையோடு. பாட்டில் என்றாலே அந்தக் கசப்புப் பால்தான் என்று பிள்ளைக்கு மனசில் பதிந்துவிட்டது. ரப்பர் உதட்டில் பட்டதுமே தலையைத் திருப்பிக்கொண்டு வீறிடுகிறது. கரண்டியால் ஊற்றினால் கடைவாயில் வழிகிறது. ஆனால் தோளில் சாய்த்தால் சட்டையைச் சப்புகிறது, கழுத்தில் வாயை வைத்துத் தேடுகிறது. முதல் சில வாரமும் தாயின் மார்பில் குடித்த பிள்ளை. அது தேடுவது என்ன என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. 

கண்மணி பின்வாங்கினாள். பம்ப் பண்ணித் தருகிறேன் என்றுதான் அவள் ஒப்புக்கொண்டாள். பாட்டிலில் போகும் பால் வேறு. மார்பில் ஒரு பிள்ளையைப் போடுவது என்பது அந்தக் கட்டிலும், அந்த மத்தியானமும், அந்த உதடும்தான்.

"என்னால முடியாதுண்ணே" என்றாள்.  "முடியாது. மன்னிச்சிடுங்க."

காதர் தலையசைத்தார். "பரவால்லம்மா. நீங்க இவ்ளோ செஞ்சதே போதும். நாளைக்கு ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க." திரும்பினார். அவர் தோளில் பிள்ளையின் முகம் கண்மணிக்கு நேராக வந்தது. அழ முடியாமல் அழுதது. கன்னம் வற்றியிருந்தது; உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. கண்மணியின் ரவிக்கையை நனைத்துக்கொண்டு பால் இறங்கியது.

"குடுங்க" என்றாள்.

படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஆண்கள் வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்கள். கட்டிலில் உட்காரவில்லை, நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் வேண்டும். உதட்டைப் பார்க்க வெளிச்சம் வேண்டும்.

பிள்ளை ஒரு நொடி மூக்கால் துழாவியது. பிறகு ஆவேசமாகக் கவ்வியது. வலித்தது. கண்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உதடு, மூக்கின் நுனி, விரல் நகம், மறுபடி உதடு. பால் இறங்குவது மார்புக்குள் சுருக்கென்று தெரிந்தது. பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கியது. திடீரென்று புரையேறியது. வாயை விட்டுவிட்டு இருமியது. முகம் சிவந்து, உடம்பு விறைத்து, மூச்சு வரவில்லை.

கண்மணி அலறினாள். என்ன அலறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது பாப்பம்மாள். பிள்ளையைப் பிடுங்கி, தோளில் நிமிர்த்திப் போட்டு, முதுகைத் தட்டினாள். பிள்ளை ஒருமுறை இருமிவிட்டு, மூச்சை இழுத்து, ஓங்கி அழுதது.

"பால் வேகமா வந்துருச்சு, அவ்ளோதான். எல்லாப் பிள்ளைக்கும் ஏறுறதுதான்."

"வேணாம் அண்ணி. எடுத்துட்டுப் போயிருங்க."  பல நாளாய் உள்ளே அடைத்துக்கிடந்தது வாய்வழியே கொட்டியது. "என் பால்தான் அண்ணி. அவனுக்கும் இப்படித்தான் ஏறுச்சு. நான்தான் அவனை... என் பால்தான்..."

பாப்பம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அன்று கூடத்தில் தான் சொன்ன வார்த்தை எங்கே போய்ப் பாய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையை மெல்லத் தோளிலிருந்து இறக்கி, கண்மணியின் மடியில் வைத்தாள். நிமிர்த்தி, தலை உயரமாக. பிறகு அந்தக் கனத்த உடம்போடு நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அவனுக்கு இதயம்டி. உன் பாலு இல்ல. டாக்டர் சொன்னது எனக்கும் புரிஞ்சுது, உனக்கும் புரிஞ்சுது. நான் அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்." பிள்ளையின் தாடையை விரலால் தூக்கினாள். "நீ கண்ண மூடிக்க. உதட்ட நான் பாத்துக்கிட்டிருக்கேன். செவப்பா இருக்கு. குடு."

கண்மணி கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை மறுபடி கவ்வியது.

"செவப்பா இருக்கு" என்றாள் பாப்பம்மாள். கொஞ்சம் கழித்து மறுபடி, "செவப்பாத்தான் இருக்கு." பிள்ளை குடித்து முடித்து, வாய் திறந்தபடி தூங்கிப்போகும்வரை அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கால் மரத்துப்போய், எழுந்திருக்கச் செல்வராஜைக் கூப்பிட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை எடை கூடவில்லை; குறையவுமில்லை. ஒரே ராத்திரியில் கூடிவிடாது என்று டாக்டருக்கும் தெரியும். நடந்ததைக் கேட்டுவிட்டு, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றார். அந்தச் சில நாளும் இரண்டு வீட்டிலும் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு டயப்பரையும் காதர் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார், ரத்தம் இருக்கிறதா என்று. இல்லை. அடுத்த தடவை தராசு ஏறியது. அதற்கடுத்த தடவை நன்றாகவே ஏறியது. நர்ஸ் பிள்ளையின் தொடையைக் கிள்ளி, "வாவ், குண்டு!" என்றாள். காதர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ரஹீமா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பால் வற்றியிருந்தது. முதல் வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. கண்மணி பால் கொடுக்க வரும்போதெல்லாம் ரஹீமா சமையலறைக்குப் போய்விடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? தன் பிள்ளை இன்னொருத்தி மார்பில் தூங்குவதைப் பார்ப்பது லேசில்லை. ஒரு நாள் கண்மணியே, "நீங்க தூக்கிப் பிடிச்சுக்கங்க, நான் குடுக்கிறேன்" என்று பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். பிள்ளையின் தலை ஒருத்தி கையில், வாய் இன்னொருத்தி மார்பில். அதற்குப் பிறகு ரஹீமா எழுந்து போவதில்லை. விடுப்பு முடிந்து கண்மணி வேலைக்குத் திரும்பினாள். ஓய்வு நேரத்தில் பேருந்து நிலையத்தின் ஒரு சின்ன அறையில் பம்ப் பண்ணி ஐஸ் பையில் கொண்டுவந்தாள். வளர்ந்த தமன்னா இப்போது கரண்டியால் குடிக்கப் பழகியிருந்தாள். பால் ஊற்றிய தேநீர் இல்லாமல் உயிரோடு இருக்க முடியாது என்று சொன்ன கண்மணி, மாசக்கணக்கில் கறுப்புத் தேநீரைத்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

தமன்னாவுக்குக் கழுத்து நின்று, சாய்ந்து உட்கார்ந்து, அடுத்தவர் தட்டுக்குக் கை நீட்ட ஆரம்பித்ததும், திட உணவு தொடங்கலாம் என்றாள் நர்ஸ். முதலில் நன்றாக மசித்த பூசணிக் கஞ்சி; மாட்டுப்பால் மட்டும் சேர்க்காமல். காதர் அதைச் சின்ன விருந்தாகவே வைத்துவிட்டார். கேலாங்கிலிருந்து அவருடைய பெரிய அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். கண்மணி, செல்வராஜ், பாப்பம்மாள் மூவரும் போனார்கள். கண்மணி மட்டும் வாசலிலேயே தயங்கி நின்றாள். கஞ்சி வந்துவிட்டால் பால் குறையும். பால் குறைந்தால் எதிர்வீட்டுக்குப் போக என்ன காரணம் இருக்கும்? அந்தப் பிள்ளையின் கனம் மடியில் இல்லாத சாயங்காலங்களை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

ரஹீமா முதல் கரண்டி ஊட்டினாள். தமன்னா நாக்கால் வெளியே தள்ளிவிட்டு, யோசித்து, பிறகு சப்புக்கொட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். ரஹீமா கிண்ணத்தைக் கண்மணியிடம் நீட்டினாள். "இப்ப நீங்கக்கா."

கண்மணி கரண்டியைக் கஞ்சியில் தோய்த்தபோது, பெரிய அண்ணன் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்.

"தம்பி, நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் இப்பவே தெரிஞ்சிருக்கணும். நாளைக்குக் கல்யாணம் பேசும்போது குழப்பம் வரக்கூடாது. இவங்க பால் குடிச்சதால இவங்க பிள்ளைங்க எல்லாம் தமன்னாவுக்குக் கூடப்பிறந்தவங்க." கண்மணி பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனம்மா?"

காதர் பதறிப்போய் அண்ணனின் கையைப் பிடித்தார்.  செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பாப்பம்மாள் முந்திக்கொண்டு, "இல்லைங்க பாய், பிள்ளை இல்லைங்க" என்றாள்.

"இருக்கான்" என்றாள் கண்மணி.

கரண்டி சாய்ந்து கஞ்சி அவள் புடவையில் சொட்டியது. துடைக்கவில்லை.

"ஒரு பையன். பேரு ஜெய். பொறந்த கொஞ்ச நாள்ல தவறிட்டான். இவ குடிச்சது அவனுக்கு வந்த பாலு."

பெரிய அண்ணன் அவளைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். சங்கடப்படவில்லை, பேச்சை மாற்றவில்லை. தன் மனைவி, மகன்கள், மருமகள் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுக்கங்க. தமன்னாவுக்கு ஜெய்னு ஒரு கூடப்பிறந்தவன் உண்டு" என்றார். "யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

சரி என்று எல்லாரும் தலையசைத்தார்கள். அந்தக் குடும்பத்தின் சின்னப் பெண் ஒருத்தி, "ஜெய்" என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கண்மணி தேம்பித் தேம்பி அழுதாள். மகன் போன நாளிலிருந்து இத்தனை பேருக்கு முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. கஞ்சி வராத கோபத்தில் தமன்னா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.